முதல் தட்டு

அந்தப் பையைக் கொஞ்சம் உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். ஈரம் சொட்டுகிறது. சேலம் போய்ச் சேருகிறவரைக்கும் இந்தப் புடவையோடுதான் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். என்ன இருக்கிறது அதில், கீரையா? காளானா? ஏற்காட்டு ரோட்டோரத்தில் வாங்கினீர்களாக்கும். தேக்கிலையில் சுருட்டிக் கொடுத்துவிட்டால் போதும், கீழேயிருந்து வருகிறவர்களுக்கு எல்லாமே அமிர்தம்.

இப்படிக் கொடுங்கள், பார்க்கிறேன். கொடுங்கள் என்றால், எடுத்துக்கொண்டு ஓடிவிட மாட்டேன். ஓடுகிற பஸ்ஸில் எங்கே ஓடுவது?

காளானைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நான் கான்வென்ட்டில் படித்தவள். எங்களுக்குத் தாவரவியல் எடுத்த சிஸ்டர் அன்சில்லா பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் பூவையே காட்டுவார். நாலு இடம் பார்க்காமல் ஒரு காளானுக்குப் பெயர் சொல்லக் கூடாது என்பார். குடைக்கு அடியில் இருக்கிற மடிப்பு என்ன நிறம்? தண்டில் வளையம் இருக்கிறதா? மண்ணுக்குள் இருக்கிற அடியில் கிண்ணம் மாதிரி உறை இருக்கிறதா? நாலாவது, குடையை வெட்டி வெள்ளைத் தாளில் கவிழ்த்து, டம்ளர் போட்டு மூடி வைத்தால் மறுநாள் அதிலிருந்து தூள் கொட்டியிருக்கும், சக்கரம் மாதிரி. அது என்ன நிறம்? பச்சையாக இருந்தால் குப்பைக்கு. நான் வரைந்த படத்துக்குத்தான் அந்த வருஷம் பரிசு. தங்க விளிம்பு போட்ட மாதா படம் ஒன்று. இப்போதும் பீரோவில் இருக்கிறது.

உங்களுடையதைப் பாருங்கள். மண்ணோடு தோண்டி எடுத்திருக்கிறார்கள். தண்டு கீழே போகப் போக வேர் மாதிரி மெலிந்து போகிறது. உச்சியில் கூர்மையாக ஒரு மொட்டு. வளையம் இல்லை, கிண்ணம் இல்லை. புற்றுக் காளான் மாதிரித்தான் இருக்கிறது. மாதிரித்தான் என்று சொன்னேன், கவனித்துக்கொள்ளுங்கள். தூளைப் பார்க்காமல் நான் யாருக்கும் உறுதி சொல்ல மாட்டேன். அப்புறம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்த பொம்பளை சொன்னாள் என்று என் தலையில் கட்டாதீர்கள்.

பிஸ்கட்டா? வேண்டாம். காலையிலிருந்து ஒரு வாய் காபியைத் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லைதான். ஆனாலும் பஸ்ஸில் வாயை அசைத்துக்கொண்டு வருகிற பழக்கம் எனக்கில்லை.

போன் அடித்தால் அடிக்கட்டும். எங்கள் வீட்டுக்காரர்தான். இது மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ. எடுக்கலாம், அவசரமில்லை.

இந்த ஹாட் பாக்ஸில் முழங்கை இடிக்காமல் உட்காருங்கள். சேலத்தில் இறங்கி ஆத்தூர் பஸ் பிடிக்க வேண்டும். என் மருமகள் அங்கே அம்மா வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாள். நித்திலா என்று பெயர். பெயரைப் பார்த்து ஏமாந்தோம். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போகிறேன். ஒரு தட்டுக் காளான் குழம்புக்காக ஒருத்தி புருஷன் வீட்டை விட்டுப் போவாளா? நீங்களே சொல்லுங்கள். இல்லை, இப்போது சொல்லாதீர்கள், முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஏற்காடு பஜாரில் இரும்புச் சாமான் கடை. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காப்பித் தோட்டம், அதைத் தாண்டினால் காடு. இடி இடித்து மழை கொட்டின மறுநாள் விடிந்தால் கூடையும் கத்தியுமாகக் கிளம்பிவிடுவார். காளான் விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். பஜாரில் கேட்டுப் பாருங்கள். ஒரு காளானைக் கையில் வைத்துத் தலையைச் சாய்த்து, மோந்து பார்த்து, 'இது நல்லது, இது ஆகாது' என்பார். பூச்சி அரித்திருந்தால் மனுஷனும் சாப்பிடலாம் என்பது அவர் கணக்கு. பூச்சிக்கும் நமக்கும் ஒரே வயிறா என்று சிஸ்டர் கேட்பார். நான் கேட்டதில்லை.

சுத்தமான மனுஷர், அதைச் சொல்ல வேண்டும். அடுப்படியில் மண் விழுந்தால் எங்கள் மாமியாருக்கு ஆகாது. அதனால் காட்டிலேயே தண்டையெல்லாம் நறுக்கி எறிந்துவிட்டு, குடையை மட்டும் துடைத்து, பூ மாதிரி அடுக்கிக் கொண்டுவருவார். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு காளானின் அடியை நான் பார்த்ததில்லை. ஒரு தடவை, வந்த புதிதில், தண்டோடு கொண்டுவந்தால் நானும் பார்க்கலாமே என்று சொன்னேன். 'கான்வென்ட்ல இதுக்கும் மார்க் போடுவாங்களா?' என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கொதிக்கும்போது வெள்ளி போட வேண்டும். கறுத்தால் விஷம். அதற்கு என் கல்யாணக் கொலுசுதான். வருஷா வருஷம் மழைக்காலத்தில் அது காளான் பானையில்தான் கிடக்கும். முட்டையை வேகவைத்தாலும் வெள்ளி கறுக்கும், முட்டை விஷமா என்று சிஸ்டர் கேட்பார். அதையும் நான் யாரிடமும் கேட்கவில்லை. பெரியவர்கள் இருக்கிற வீட்டில் எதை எப்போது பேசுவது என்று ஒரு முறை இருக்கிறதில்லையா? இந்தக் காலத்துப் பெண்களுக்குத்தான் அது கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். காளான் சமைத்தால் எல்லோரும் ஒன்றாக உட்கார மாட்டோம். ஒருத்தர் முதலில் சாப்பிட வேண்டும். மற்றவர்கள் மத்தியானம் சாயும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குடும்பமே ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகப் படுத்துவிட்டதாம், தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆளில்லாமல். அதிலிருந்து வந்த வழக்கம். மாமனார் காலத்தில் யார் பறித்தார்களோ அவர்தான் முதலில் சாப்பிடுவாராம். நான் வந்த பிறகு அந்த மரியாதையை மாமியார் எனக்குக் கொடுத்துவிட்டார். 'புது மருமகளுக்கு முதல் தட்டு' என்று அவர் கையாலேயே போட்டார்.

எந்த வீட்டில் மருமகள் முதலில் சாப்பிடுகிறாள், சொல்லுங்கள். என் அக்கா தங்கை எல்லாம் பாத்திரத்தில் ஒட்டினதை வழித்துத் தின்றவர்கள். நான் மட்டும் மணையில் உட்கார்ந்து, மாமியார் நின்று பரிமாற, கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட்டேன். அவர்களுக்கெல்லாம் ஆறிப்போய்ச் சூடுபண்ணின குழம்புதான். அப்போதே என் ஓரகத்திக்கு வயிற்றெரிச்சல். அவர்கள் தனிக்குடித்தனம் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன் நான்.

அதுமட்டுமில்லை. சாதாரண நாளில் எங்கள் வீட்டுக்காரர் கடைக்குப் போனால் போனதுதான், வீட்டில் ஒரு ஜீவன் இருக்கிறது என்ற நினைப்பே இருக்காது. காளான் சமைத்த நாளில் மட்டும் போன் வந்துவிடும். 'சாப்பிட்டியா? எப்படி இருக்கே? தலை சுத்துதா?' என்று. அரை மணிக்கு ஒரு தடவை. மாமியாரும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவு கரிசனம். மழைக்காலம் எப்போது வரும் என்று இருக்கும் எனக்கு.

ஒரே ஒரு வருஷம்தான் சரியில்லாமல் போனது. என் பையனுக்கு அப்போது மூன்று வயது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி, பேதி, குடலே வெளியே வந்துவிடும் போல. ஜீப்பில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்து வந்தேன். ரெண்டாவது வயிற்றில் இருந்தது, அது தங்கவில்லை. காளானால்தானா என்று எங்கள் வீட்டுக்காரரே டாக்டரிடம் நேரில் கேட்டார். 'அப்படின்னு சொல்ல முடியாது' என்றாராம் டாக்டர். சொல்ல முடியாது என்றால் இல்லை என்றுதானே அர்த்தம்? என்னை ஜீப்பில் ஏற்றும்போதே மாமியார் மிச்சக் குழம்பைக் காப்பிச் செடிக்குக் கொட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். 'நல்லவேளை, நாங்க யாரும் வாய் வைக்கல' என்று எல்லோரிடமும் சொன்னாராம். நல்ல மனசு, குடும்பத்தைப் பற்றித்தான் கவலை.

ஜன்னலை மூடுங்கள், சாரல் அடிக்கிறது. மூட வரவில்லையா? எழுந்திருங்கள், நான் மூடுகிறேன். ஒரு ஜன்னலை மூடத் தெரியவில்லை, காளான் வாங்குகிறீர்கள்.

எங்கே விட்டேன்? நித்திலா. பையன் நிரஞ்சன் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம் ஆகிறது. அவளுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஏதோ வேலை. காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள், கேட்டால் ஆபீஸ் என்பாள். அது கிடக்கட்டும். இப்போது முழுகாமல் இருக்கிறாள். நாலு மாதம். பெரிதாக ஒன்றும் நான் குறை வைக்கவில்லை, புளிப்பு வேண்டும் என்றாள், மாங்காய் வேண்டும் என்றாள், எல்லாம் செய்தேன்.

போன வாரம் இடி இடித்ததில்லையா? எங்கள் வீட்டுக்காரர் கூடை நிறையக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில். குழம்பு கொதிக்கும்போதே நினைத்தேன், எத்தனை நாளைக்கு நானே முதல் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, மாமியார் எனக்குக் கொடுத்ததை நான் என் மருமகளுக்குக் கொடுக்க வேண்டாமா என்று. மனசார நினைத்தேன், பொய் சொல்லவில்லை. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என் கையால் பரிமாறி, வழக்கத்தைச் சொன்னேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எல்லாரும் எவ்வளவு நேரம் கழிச்சுச் சாப்பிடுவீங்க, அத்தை?" என்றாள். சாயந்தரம் மூணு மணிக்கு மேல் என்றேன். "ஏன்?" என்றாள். ஏன் என்று என்ன கேள்வி? வழக்கம்.

"வயித்துல குழந்தை இருக்கு, அத்தை" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவள்தான் உலகத்தில் முதன்முதலாகப் பிள்ளை பெறப் போகிறவளா? "எனக்கும்தான் இருந்துச்சு. நான் சாப்பிடலையா?" என்றேன்.

அவ்வளவுதான். நிரஞ்சனுக்கு அந்த ரெண்டாவது விஷயம் தெரியாது. யாரும் சொன்னதில்லை, சொல்ல என்ன இருக்கிறது? அவன் தன் அப்பாவைப் பார்த்தான். அவர் சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்த்தார். இவள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்கவில்லை. திட்டுகிற பார்வை என்றால் திருப்பித் திட்டலாம். பஸ் ஸ்டாண்டில் அடிபட்டுக் கிடக்கிறவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள் என்னை. நான் என்ன அடிபட்டா கிடக்கிறேன்?

பிறகு அந்தத் தட்டை எடுத்து, மெதுவாக, சிந்தாமல், கொண்டுபோய் எங்கள் வீட்டுக்காரர் முன்னால் வைத்தாள்.

"மாமா பறிச்சதுதானே? மாமா முதல்ல சாப்பிடட்டும்."

கொழுப்பைப் பாருங்கள். ஊரே மதிக்கிற மனுஷனிடம். அவரும் சாப்பிட்டுக் காட்டியிருப்பார், அன்றைக்கென்று பார்த்து அவருக்கு வாயுத் தொல்லை. 'எனக்கு நெஞ்சைக் கரிக்குது, காளான் ஒத்துக்காது இன்னிக்கு' என்று தட்டை ஒரு விரலால் தள்ளி வைத்தார். வாயுத் தொல்லை அவருக்கு உண்டுதான். நான் எடுத்துச் சாப்பிட்டேன், எல்லோர் முன்னாலும், ஒரு பருக்கை விடாமல். சாயந்தரம்வரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் அவருக்கும் நெஞ்சுக் கரிப்பு சரியாகிவிட்டது, ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நல்ல காளான் அது. ஒரு குடையை அடுப்படி ஜன்னலில் தாள் போட்டுக் கவிழ்த்துக்கூட வைத்தேன், அவளுக்குக் காட்டுவதற்கென்றே. மறுநாள் பார்த்தால் வெளிர் ரோஸில் தூள், அப்பழுக்கில்லாமல். புற்றுக் காளானேதான். எடுத்துக்கொண்டு அவள் ரூமுக்குப் போனால் ரூம் காலி. விடியற்காலையிலேயே நிரஞ்சன் அவளை ஆத்தூருக்குக் கூட்டிப் போயிருக்கிறான். காளான் விஷயத்தில் அவள்தான் தப்பு என்று போனில் அவனிடம் சொன்னேன். "அம்மா, அப்பா ஏன் அன்னிக்கு முதல்ல சாப்பிடல?" என்றான். வாயு என்று சொன்னேன். அவன் வைத்துவிட்டான்.

அந்தத் தாளை அந்த ஜன்னலிலேயே வைத்திருந்தேன். பாத்திரம் கழுவும்போதெல்லாம் கண்ணில் படும். கான்வென்ட்டை விட்ட பிறகு நான் போட்டது அது ஒன்றுதான். இத்தனை மழைக்காலம் வந்து போயிருக்கிறது. ஒரு தாள், ஒரு டம்ளர். பெரிய காரியமா அது? யாரும் வேண்டாம் என்றா சொன்னார்கள்? சரி விடுங்கள், அது வேறு பேச்சு.

நேற்று மறுபடியும் இடி. இன்று காலையில் அவர் மறுபடியும் கூடையோடு வந்தார். வெள்ளை வெளேரென்று குடை மட்டும், வழக்கம்போல நறுக்கித் துடைத்து. 'செஞ்சு வை. நீ சாப்பிட்டுட்டு எனக்கு ஒரு போன் போடு, மத்தியானம் வர்றேன்' என்று கடைக்குப் போய்விட்டார். பெண்டாட்டி பிள்ளை பற்றி ஒரு வார்த்தை, மருமகள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை, இருக்க வேண்டுமே.

செய்தேன். கொலுசையும் போட்டேன். கறுக்கவில்லை. ஒரு தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றி, மணை போட்டு உட்கார்ந்தேன். கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஒரு வாய் பிசைந்தேன். பிசைந்ததைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஜன்னலைப் பார்த்தேன். எனக்கு ஏனோ பசிக்கவில்லை. பசிக்காத நாளும் உண்டுதானே மனுஷிக்கு? கையைக் கழுவிவிட்டு வேறு தட்டில் புதிதாகப் போட்டு, மூடி, மேஜைமேல் அவர் உட்காருகிற இடத்தில் வைத்தேன். சமைக்காமல் எடுத்து வைத்திருந்த ஒரு குடையைத் தாளில் கவிழ்த்து டம்ளரால் மூடினேன். அது நாளைக்குத்தான் தெரியும். தண்டு இருந்தால் வளையம் இருக்கிறதா இல்லையா என்று இன்றைக்கே பார்த்திருப்பேன். தண்டு காட்டில் கிடக்கிறது, நான் என்ன செய்வது?

அப்புறம் அடுப்பைக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி பற்றவைத்து, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். சோறு வடித்தேன். அதுதான் இந்த ஹாட் பாக்ஸில். ஆத்தூர் போகிறவரைக்கும் சூடு தாங்கும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கப் போகிறேன்தான், அதற்காக முழுகாமல் இருக்கிறவளைப் பட்டினி போட்டா கேட்பது?

பாருங்கள், மறுபடியும் அடிக்கிறார். இருங்கள், எடுத்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்திருப்பார், பசி நேரம். சத்தம் போடாதீர்கள்.

"ம்... சொல்லுங்க... ஆத்தூருக்கு. ஆமா, பஸ்ல... மேஜைமேல இருக்கு, மூடி வச்சிருக்கேன்."

...

"சாப்பிட்டேன்."

...

"காலையிலேயே. நல்லாத்தான் இருக்கேன். தலை சுத்தல, ஒண்ணும் இல்ல. ஆறிடப்போகுது, நீங்க உட்கார்ந்து சாப்பிடுங்க."

வைத்துவிட்டார். பார்த்தீர்களா, நான் சாப்பிட்டேனா என்றுதான் கேட்டார். ஆத்தூருக்கு எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? அவளும் இப்படித்தான் பார்த்தாள். பறித்தது அவர். மோந்து பார்த்தது அவர். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அவருக்குத் தெரியாத காளானா?

உங்கள் காளானைப் பிடியுங்கள். வீட்டில் போய்த் தாளில் கவிழ்த்து வையுங்கள். ஒரு நாள் பொறுத்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

அந்த பிஸ்கட் இருக்கிறதா, தீர்த்துவிட்டீர்களா? இருந்தால் கொடுங்கள். பசிக்கிறது.